பந்து வருவதற்கு முன்பே தொடங்கும் வேலை: நடுக்கள வீரரின் கால்பந்து வாழ்க்கை

கால்பந்து பார்க்கும் கூட்டத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்வி உண்டு. "அந்த எட்டாம் நம்பர் என்னதான் பண்ணினார்? ஒரு கோல்கூடப் போடவில்லையே." கேட்பவர் மேல் தவறில்லை. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் ஓடுகிறது, நம் கண் கேமராவின் பின்னால் ஓடுகிறது. நடுக்கள வீரரின் வேலையோ பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது. நாம் அவரைப் பார்க்கத் தொடங்கும்போது அவர் செய்ய வேண்டியதைப் பாதி செய்து முடித்திருப்பார்.

இதனால் அவருடைய ஆட்டத்தை மட்டுமல்ல, அவருடைய மொத்தத் தொழில் வாழ்க்கையையும் தப்பாக அளந்துவிடுகிறோம். கோல் இல்லாவிட்டால் பலவீனமானவர் என்கிறோம். பல கோடிக்கு வாங்கப்பட்டால் அந்தப் பணமெல்லாம் அவர் பையில் விழுந்ததாக நினைக்கிறோம். முப்பதைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது என்கிறோம். இவை எதுவும் அப்படியே உண்மை இல்லை. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம். கால்பந்து விதிகள் எதுவும் தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

நாற்சந்தியில் நிற்பவர்

ஒரு அணியில் 11 பேர். ஒருவர் கோல்கீப்பர். மற்ற பத்துப் பேரில் சிலர் தங்கள் கோலுக்கு அருகே நின்று காப்பவர்கள், சிலர் எதிரணியின் கோலைத் தாக்குபவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஆடுபவரே நடுக்கள வீரர், அதாவது மிட்ஃபீல்டர். சர்வதேசப் போட்டிகளில் மைதானம் பெரும்பாலும் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதன் வயிற்றுப் பகுதிதான் இவருடைய இடம்.

ஓரக்கோட்டை ஒட்டி ஓடும் தாக்குதல் வீரரை விங்கர் என்பார்கள். அவர் நிலைமை சுவரை ஒட்டி நடப்பவரைப் போன்றது. ஒரு பக்கம் கோடு இருப்பதால் அங்கிருந்து யாரும் வந்து மோதப்போவதில்லை. முன்னால், பின்னால், உள்பக்கம் இவற்றை மட்டும் கவனித்தால் போதும். நடுக்கள வீரர் நிற்பது நாற்சந்தியின் மையத்தில். நான்கு பக்கமும் வண்டி வரும், முதுகுக்குப் பின்னாலிருந்தும் வரும். அவருக்குக் கிடைக்கும் பந்து பெரும்பாலும் அவர் முகம் தன் சொந்த கோலைப் பார்த்திருக்கும்போது வருகிறது. போக வேண்டிய திசையோ முதுகுப் பக்கம் இருக்கிறது.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். தறியில் பாவு நூல் எவ்வளவு உயர்வாக இருந்தாலும், நாடா குறுக்கே ஓடிக்கொண்டே இருந்தால்தான் துணி உண்டாகும். முடிந்த துணியைப் பார்க்கிறவர் யாரும் நாடாவைப் பற்றிப் பேசுவதில்லை. பின்கள வீரரிடமிருந்து முன்கள வீரருக்கும், இடமிருந்து வலத்துக்கும் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நடுக்கள வீரர் ஒரு ஆட்டத்தில் பொதுவாக 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அவ்வளவு ஓடினாலும் 90 நிமிடத்தில் பந்து அவர் காலில் இருப்பது சில நிமிடங்களே. மிச்ச நேரம் முழுவதும் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கழுத்தில் இருக்கும் திறமை

பெருஞ்சாலையில் தடம் மாற நினைக்கும் ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஓட்டுநர் முதலில் கண்ணாடியைப் பார்ப்பார், பிறகுதான் வண்டியைத் திருப்புவார். திருப்பிய பிறகு கண்ணாடி பார்ப்பவர் அதிக நாள் ஓட்ட முடியாது.

நடுக்களத்தில் நடப்பதும் இதுதான். பந்து தன்னை நோக்கி உருண்டு வரும் அந்த ஓரிரு நொடிகளில் நல்ல வீரர் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு பந்து, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, மறுபடி பந்து. இப்படித் தலையைத் திருப்பிச் சுற்றுப்புறத்தை மனதில் படமெடுத்துக்கொள்வதை ஸ்கேனிங் என்கிறார்கள்.

அதனால் என்ன லாபம்? எதிரணி வீரர் ஐந்து மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து உங்கள் காலுக்கு வந்ததும் அவர் உங்கள் மேல் பாய ஒரு நொடி போதும். இப்படி ஒருவராகவோ கூட்டமாகவோ ஓடிவந்து யோசிக்க நேரம் தராமல் நெருக்குவதற்குப் பெயர் பிரஸ்ஸிங். பந்து வந்த பிறகுதான் யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுகிறீர்கள் என்றால் அந்த ஒரு நொடி தேடுவதிலேயே போய்விடும். முன்பே பார்த்து வைத்திருந்தால் அந்த நொடி முழுவதும் உங்களுக்குச் சொந்தம். பந்து காலில் படும் முதல் தொடுகையிலேயே அதை ஆளில்லாத பக்கம் தள்ளிவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, 'இவருக்கு மட்டும் எப்படி இவ்வளவு நேரம் கிடைக்கிறது' என்று தோன்றும். அவர் அந்த நேரத்தை முன்கூட்டியே சேமித்து வைத்திருந்தார்.

நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். பந்தை விட்டுவிட்டு வீரர்களின் தலையையே கவனித்து, பந்து வருவதற்கு முந்தைய நொடிகளில் ஒவ்வொருவரும் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். அதிகம் பார்த்தவர்கள் முன்னோக்கிக் கொடுத்த பாஸ்கள் அதிகம் வெற்றி பெற்றன. அந்தக் கணக்கில் உச்சத்தில் இருந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்டு. செல்சி கிளப்புக்காக 211 கோல்கள் போட்டு, அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனவர். அவர் நடுக்கள வீரர், கோல் போடுவதையே முதல் வேலையாகக் கொண்ட ஸ்ட்ரைக்கர் அல்ல.

ஸ்பெயினின் ஷாவி ஹெர்னாண்டஸ் இதற்கு இன்னும் தெளிவான சாட்சி. உயரம் 170 சென்டிமீட்டர். பெரிய வேகக்காரர் இல்லை, உடல் பலத்தால் யாரையும் இடித்துத் தள்ளக் கூடியவரும் இல்லை. ஆனால் அவர் ஆட்டத்தின் பதிவு எங்காவது கிடைத்தால் பந்தை மறந்துவிட்டு அவர் கழுத்தை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். அது நிற்பதே இல்லை. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையில் 2008-இல் தொடரின் சிறந்த வீரர், 2010-இல் உலகக் கோப்பை, 2015-இல் பார்சிலோனாவை விட்டுப் போகும்போது அந்தக் கிளப்புக்காக 767 ஆட்டங்கள். கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கழுத்தைப் பற்றித்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நடுக்கள வீரருக்கு எல்லாத் திசையிலிருந்தும் நெருக்கடி வரும். அதைச் சமாளிக்க அவர் கையில் இருக்கும் முதல் கருவி பார்வை. கால் அதற்கு அடுத்துதான் வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

ஒரே பெயர், வெவ்வேறு வேலை

நடுக்களம் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று தொழில்கள் இருக்கின்றன. கால்பந்துக்காரர்கள் அவற்றை எண்களால் குறிப்பிடுவது வழக்கம். 'ஆறு' என்பவர் தன் பின்களத்துக்கு முன்னால் நின்று எதிரணித் தாக்குதலை உடைப்பவர், பந்தை வாங்கி ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர். 'எட்டு' இரண்டு கோல் பகுதிக்கும் இடையே ஓடிக்கொண்டே இருப்பவர். 'பத்து' முன்கள வீரர்களுக்குப் பின்னால் நின்று கோலுக்கான கடைசிப் பாஸைத் தேடுபவர். அந்தக் கடைசிப் பாஸ் கோலாக மாறினால் அதற்கு அசிஸ்ட் என்று பெயர். இந்த எண்கள் சட்டையில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. நாட்டுக்கு நாடும் மாறும். அர்ஜென்டினாவில் நம் 'ஆறு' செய்யும் வேலையைச் செய்பவர் 'ஐந்து'.

பத்தின் வேலை கண்ணுக்குத் தெரியும். ஆறின் வேலை தெரியாது. ஏனென்றால் அவர் நன்றாகச் செய்தால் ஆபத்தே உண்டாகாது, நடக்காத ஒன்றை மறுஒளிபரப்பு செய்ய முடியாது. பிரான்ஸின் கிளோட் மக்கெலேலே இப்படிப்பட்டவர். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பில் மூன்று ஆண்டுகள் ஆடினார். அந்தக் காலத்தில் அணி இரண்டு முறை ஸ்பெயின் லீக்கையும் ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கை ஒரு முறையும் வென்றது. 2003-இல் டேவிட் பெக்கமை ஆரவாரமாக வாங்கிய அதே கோடையில் மக்கெலேலேயை செல்சிக்கு விற்றுவிட்டார்கள். அடுத்த லீக் பட்டம் மாட்ரிட்டுக்குக் கிடைத்தது 2007-இல். செல்சியோ 2004-05 பருவத்தில் 38 ஆட்டங்களில் வெறும் 15 கோல்களை மட்டும் விட்டுக்கொடுத்து இங்கிலாந்து லீக்கை வென்றது. ஒரே ஆளால் இது எல்லாம் நடந்தது என்று சொன்னால் அது மிகை, செல்சியில் அப்போது அருமையான கோல்கீப்பரும் பின்களமும் இருந்தன. ஆனாலும் அந்த இடத்துக்கே இங்கிலாந்தில் 'மக்கெலேலே ரோல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

இந்தப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருகிறது. உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதை 2024-இல் வென்ற ஸ்பெயினின் ரோட்ரி ஒரு 'ஆறு'. பெண்கள் பிரிவில் அலெக்ஸியா புதேயாஸ், அய்தானா போன்மாத்தி என்ற பார்சிலோனாவின் இரண்டு நடுக்கள வீராங்கனைகள் 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டும் அந்த விருதைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

சின்ன உடம்பும் பெரிய சல்லடையும்

சரி, இந்த வாழ்க்கை எங்கே தொடங்குகிறது? பெரும்பாலும் கிளப்புகளின் அகாடமியில். எட்டு, பத்து வயதிலேயே சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு ஆண்டும் சிலரை வைத்துக்கொண்டு சிலரை அனுப்பிவிடும் பயிற்சிப் பள்ளி அது. ஷாவி 11 வயதில் பார்சிலோனாவின் அகாடமியில் சேர்ந்தவர். உள்ளே வருபவர்களில் மிகச் சிலரே முதல் அணிவரை போகிறார்கள்.

இந்தச் சல்லடையில் ஒரு கோளாறு இருக்கிறது. பன்னிரண்டு வயதில் நான்கு அங்குலம் உயரமாக இருக்கும் பையன் எல்லாப் பந்தையும் வென்றுவிடுவான், தேர்வாளரின் கண்ணும் அவன் மேல் போகும். ஒரே வயதுப் பிரிவில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவனுக்கும் கடைசியில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். உலகம் முழுவதும் அகாடமிகளில் முன்மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பது இதனால்தான். பார்வையையும் முடிவெடுக்கும் திறமையையும் நம்பி ஆடும் நடுக்களச் சிறுவனுக்கு இது பெரிய அநியாயம். அவனுடைய திறமை அளவுநாடாவில் அகப்படாது.

குரோஷியாவின் லூகா மோட்ரிச்சை இந்த அநியாயம் நேராகவே தாக்கியது. ஹைடுக் ஸ்பிளிட் கிளப் அவரைச் சின்ன உடம்பு என்று ஒதுக்கியது. தினாமோ ஸாகிரெப் எடுத்துக்கொண்டது, பிறகு 18 வயதில் பொஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மொஸ்தார் கிளப்புக்கு லோனில் அனுப்பியது. லோன் என்றால் ஒப்பந்தம் சொந்தக் கிளப்போடு இருக்க, குறிப்பிட்ட காலத்துக்கு வேறு கிளப்பில் போய் ஆடுவது. 'வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள்' என்று பலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். சில நேரம் அதுவும் உண்மைதான். ஆனால் இளம் நடுக்கள வீரருக்கு வேண்டியது ஆட்ட நேரம். பெஞ்சில் உட்கார்ந்தபடி நாற்சந்தியில் நிற்கப் பழக முடியாது. ஜெர்மனியின் டோனி குரூஸும் பயர்ன் மியூனிக்கிலிருந்து லெவர்குசனுக்கு லோனில் போய்த் திரும்பியவர்தான்.

மோட்ரிச் 2012-இல் ரியல் மாட்ரிட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே ஒரு ஸ்பானிய விளையாட்டு நாளிதழின் வாசகர்கள் அவரை அந்தப் பருவத்தின் மோசமான வரவாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2018-இல் அவருக்கு பாலோன் டோர் கிடைத்தது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் மெஸ்ஸியும் ரொனால்டோவும் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

செய்தித்தாளில் வரும் அந்தப் பெரிய தொகை

'இந்த வீரர் இத்தனை கோடிக்கு விலை போனார்' என்ற செய்தியைப் போலத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் செய்தி கால்பந்தில் வேறு இல்லை. அந்தத் தொகை வீரருக்குப் போவதில்லை.

வாடகை ஒப்பந்தம் முடிவதற்குள் வெளியேற நினைத்தால் வீட்டுக்காரருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும் அல்லவா? அதுபோலத்தான். வீரருக்கும் கிளப்புக்கும் இடையே இத்தனை ஆண்டு என்று ஒப்பந்தம் இருக்கிறது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி பொதுவாக அதிகபட்சம் ஐந்து ஆண்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று. அந்தக் காலம் முடிவதற்குள் வேறு கிளப் அவரைக் கேட்டால், மிச்சக் காலத்தை விட்டுக்கொடுக்கப் பழைய கிளப்புக்குப் புதிய கிளப் தரும் பணமே டிரான்ஸ்ஃபர் கட்டணம். வீரர் தன் சம்பளத்தைத் தனியாகப் பேசிக்கொள்கிறார். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறும்போது கட்டணத்தில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. சின்னக் கிளப்புகளுக்கு அது பெரிய ஆறுதல்.

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் கட்டணமே கிடையாது. இது இன்று இயல்பாகத் தோன்றுகிறது, ஆனால் இதற்காக ஒருவர் தன் வாழ்க்கையையே செலவழித்தார். அவரும் நடுக்கள வீரர்தான், பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மன். 1990-இல் லியேஜ் கிளப்போடு அவர் ஒப்பந்தம் முடிந்தது. சம்பளத்தைப் பெரிதும் குறைத்துப் புதிய ஒப்பந்தம் நீட்டினார்கள், அவர் மறுத்தார். பிரான்ஸின் டன்கர்க் கிளப்புக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவரை விடுவிக்கப் பணம் கேட்கும் உரிமை அன்று கிளப்புகளுக்கு இருந்தது. அவர் போக முடியவில்லை, வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்டக் காலம் கரைந்துவிட்டது. பலன் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குத்தான் கிடைத்தது.

சுருக்கமாக: பெரிய தொகை என்பது வீரரின் கூலி அல்ல, ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகளின் விலை. ஆண்டுகள் குறையக் குறைய அந்த விலை குறையும், வீரரின் பேரம் பேசும் பலம் கூடும்.

காயம்

எல்லாப் பக்கமும் திரும்பும் வேலை என்பதால் முழங்காலும் கணுக்காலும் அடிவாங்குகின்றன. ரோட்ரி தன் பாலோன் டோரை வாங்க ஊன்றுகோலோடு வந்தார், ஒரு மாதம் முன்புதான் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிந்திருந்தது. ஸ்பெயினின் சாந்தி கசோர்லாவின் கதை இன்னும் கடுமையானது. 2016-இல் கணுக்கால் பகுதியில் காயம், அறுவை சிகிச்சைக்குப் பின் கிருமித் தொற்று. அது குதிகால் தசைநாணையே அரித்தது. பிள்ளையோடு தோட்டத்தில் நடக்க முடிந்தால் போதும் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை. கை தோலை எடுத்துக் காலில் ஒட்டினார்கள். 2018-இல் திரும்ப ஆட வந்தார், 2019-இல் ஸ்பெயின் தேசிய அணிக்கே திரும்பினார். பிறகு சிறுவயதில் பயின்ற ரியல் ஒவியெதோ கிளப்புக்குப் போய், 2025-இல் தன் 40-ஆவது வயதில் அந்த அணி முதல் பிரிவுக்கு ஏறியதில் பங்கெடுத்தார். வேகத்தை மட்டும் நம்பி ஆடும் ஒருவருக்கு இப்படிப்பட்ட திரும்புதல் மிகக் கடினம். கசோர்லாவுக்குக் கால் மெலிந்தாலும் பார்வை அப்படியே இருந்தது.

முப்பதுக்கு அப்புறம்

இங்கேதான் நடுக்கள வாழ்க்கை மற்ற வாழ்க்கைகளிலிருந்து பிரிகிறது. விங்கரின் மூலதனம் வேகம், வயது ஏற ஏற அது கரையும். நடுக்கள வீரரின் மூலதனம் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த நினைவு, அது கூடும். ஆகவே பலர் ஓய்வு பெறுவதற்குப் பதிலாக மைதானத்தில் சில மீட்டர் பின்னால் நகர்கிறார்கள். பின்னால் போகப் போக மொத்த ஆட்டமும் கண் முன்னால் இருக்கும், முதுகுப் பக்கத்து நெருக்கடி குறையும், ஓட வேண்டிய தூரத்தை அவருக்குப் பதில் பாஸ் ஓடும்.

ஜெர்மனியின் பாஸ்டியன் ஷ்வைன்ஸ்டைகர் விங்கராகத் தொடங்கியவர். 2009-இல் பயர்ன் பயிற்சியாளராக வந்த லூயி வான் கால் அவரை நடுவுக்கு மாற்றினார். ஐந்து ஆண்டு கழித்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அந்த நடுவைத் தாங்கி நின்றவர் அவர்தான்.

இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோவுக்கு இந்த மாற்றம் இன்னும் இளம் வயதிலேயே வந்தது. அவர் 'பத்து' ஆக வளர்ந்தவர். 2001-இல் பிரெஷியாவுக்கு லோனில் வந்தபோது அங்கே அந்த இடத்தில் ரொபெர்ட்டோ பாஜ்ஜோ இருந்தார். பாஜ்ஜோவை யார் நகர்த்துவார்கள்? பயிற்சியாளர் கார்லோ மட்ஸோனே பிர்லோவைப் பின்னுக்கு இழுத்து, பின்களத்துக்கு முன்னால் நிறுத்தினார். இடமில்லாததால் செய்த ஏற்பாடு அது. அங்கிருந்து பிர்லோ கொடுத்த நீண்ட பாஸ்கள் ஒரு காலத்தையே எழுதின. மிலானில் இரண்டு சாம்பியன்ஸ் லீக், 2006-இல் உலகக் கோப்பை. 32 வயதில் ஒப்பந்தம் முடிந்ததும், போஸ்மன் வாங்கித் தந்த உரிமையில் கட்டணமே இல்லாமல் யுவென்டஸுக்குப் போனார். அங்கே நான்கு பருவம் ஆடினார், நான்கிலும் இத்தாலி லீக் பட்டம்.

பிரேசிலின் ஃபோர்மிகா இந்த நீடிப்பின் உச்சம். நடுக்கள வீராங்கனையான அவர் 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பைகளில் ஆடினார். ஏழு ஒலிம்பிக்கிலும் ஆடினார், கடைசி ஒலிம்பிக்கின்போது அவருக்கு வயது 43.

கோட்டுக்கு வெளியே

முழு மைதானத்தையும் மனதில் வைத்தே இருபது ஆண்டு ஆடியவர்கள் அதைத் தொடர்ந்து செய்ய விரும்புவது இயற்கை. கார்டியோலா, தெஷாம்ப்ஸ், ஜிடான், சிமியோனே, ஆர்டெட்டா, ஷாபி அலோன்சோ என்று பயிற்சியாளர்களாகப் பெயர் பெற்ற பலர் நடுக்களத்திலிருந்து வந்தவர்கள். கார்லோ அன்செலோட்டியும் அப்படித்தான். மிலானின் நடுக்களத்தில் ஆடி சாம்பியன்ஸ் லீக்கின் பழைய வடிவமான ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை வென்றவர். பின்னாளில் அதே மிலானின் பயிற்சியாளராகி, பிர்லோவைப் பின்னால் நிறுத்தி அணியையே அவரைச் சுற்றிக் கட்டியவர்.

2024 ஜூன் 1, லண்டன் வெம்ப்ளி மைதானம். சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பொருசியா டோர்ட்முண்டை எதிர்த்து ரியல் மாட்ரிட் 2-0 என்று முன்னிலையில் இருக்கிறது. 34 வயது டோனி குரூஸுக்கு இது கடைசிக் கிளப் ஆட்டம், நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திக்கொள்வது என்று அவர் முன்பே அறிவித்திருந்தார். முதல் கோலுக்கு வழிவகுத்த கார்னரை, அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதையை, அடித்தவர் அவர். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது கோட்டோரம் நின்ற அன்செலோட்டி அவரை வெளியே அழைக்கிறார். அவர் இடத்தில் ஆட உள்ளே போகிறவருக்கு வயது 38. சின்ன உடம்பு என்று ஒரு காலத்தில் திருப்பி அனுப்பப்பட்ட மோட்ரிச்.